சமநிலையை முறிக்கும் விதி: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தும் அதன் வீடியோ கேம்களும்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் வரலாறு, களத்தில் தீராத கேள்விகளுக்குக் களத்துக்கு வெளியே விடை தேடிய வரலாறாகவும் இருக்கிறது. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடக்க முயலும் ஆட்டத்தையே அமெரிக்கர்கள் கால்பந்து என்கின்றனர். 1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூ பிரன்ஸ்விக் நகரில் ரட்கர்ஸ் கல்லூரி பிரின்ஸ்டனை 6-4 என வென்ற ஆட்டம் கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, மேல்மட்டப் பிரிவில் நாட்டின் சாம்பியனை முடிவுசெய்யும் இறுதிப் போட்டி என்று ஒன்று இருந்ததில்லை. கூடைப்பந்து உள்ளிட்ட பிற கல்லூரி விளையாட்டுகளில் நாக்அவுட் தொடர்கள் வேரூன்றிய பிறகும், கால்பந்து மட்டும் வாக்கெடுப்பையும் மரபையும் நம்பியே நடந்துவந்தது.

இந்த நிலைக்கு எண்ணிக்கையே முதற்காரணம். 2024ஆம் ஆண்டில் மேல்மட்டப் பிரிவில் 134 அணிகள் இருந்தன. ஒவ்வோர் அணியும் பருவத்தில் ஏறத்தாழ 12 ஆட்டங்களே ஆடுகிறது. 134 அணிகளும் தம்முள் ஒருமுறையாவது மோதவேண்டுமானால் 8,911 ஆட்டங்கள் தேவைப்படும். நடப்பவையோ அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உடல்மோதல் மிகுந்த இந்த ஆட்டத்தை வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் ஆட இயலாது என்பதால் ஆட்டங்களைக் கூட்டவும் வழியில்லை. ஆகவே, ஒன்றையொன்று சந்திக்காத இரண்டு அணிகள் ஒரே வெற்றிக் கணக்குடன் பருவத்தை முடிப்பது இங்கே விதிவிலக்கன்று, வழக்கமே. அத்தகைய அணிகளில் எது மேல் என்று தீர்மானிக்கும் விதியே சமன்முறிப்பு விதி, அதாவது டைபிரேக்கர். எந்த அணிகள் பருவத்துக்குப் பிந்தைய ஆட்டங்களுக்குச் செல்லும் என்று வகுப்பது தேர்வு விதி.

இந்த விதிகள் காலந்தோறும் மாறிவந்ததற்கு ஆவணங்களும் செய்தித்தாள்களும் சான்றாக உள்ளன. பலர் எண்ணிப்பார்க்காத இன்னொரு சான்றும் உண்டு. 1990களிலிருந்து ஆண்டுதோறும் வெளிவந்த கல்லூரிக் கால்பந்து வீடியோ கேம்கள், அந்தந்த ஆண்டின் விதிகளைக் கணினி பின்பற்றக்கூடிய கட்டளைகளாக மாற்றித் தம்முள் பதித்துவைத்துள்ளன. மனிதர்கள் நடத்தும் போட்டியில் விதி மௌனமாக உள்ள இடத்தில் ஒரு கூட்டமோ தொலைபேசி உரையாடலோ இடைவெளியை நிரப்பிவிடும். கணினியில் அதற்கு வழியில்லை. எழுதப்படாத விதியைக் கணினியால் நடத்த முடியாது என்பதால், இந்த விளையாட்டின் எந்த விதி உண்மையில் விதியாக இருந்தது, எது வெறும் விருப்பமாக இருந்தது என்பதைப் பிரித்துக் காட்டும் உரைகல்லாக அந்த வீடியோ கேம்கள் அமைந்துவிட்டன.

பவுல்களும் வாக்கெடுப்புகளும்

பருவத்துக்குப் பிந்தைய ஆட்டங்கள் பரிசுக் கோப்பைக்காகத் தோன்றியவை அல்ல. கலிபோர்னியாவின் பசடீனா நகரில் நடந்த ரோஜா மலர் விழாவுக்குக் கூட்டம் சேர்க்கும் பொருட்டு 1902ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் மிச்சிகனும் ஸ்டான்ஃபோர்டும் மோதவைக்கப்பட்டன. மிச்சிகன் 49-0 என வென்றது. ஒருதலையான அந்த முடிவுக்குப் பின் நின்றுபோன ஆட்டம் 1916இல் மீண்டும் தொடங்கி ஆண்டு வழக்கமாயிற்று. 1920களின் தொடக்கத்தில் அங்கே எழுந்த கிண்ண வடிவ அரங்குக்கு ரோஸ் பவுல் என்று பெயர் வழங்க, பவுல் என்னும் சொல்லே இவ்வகை ஆட்டங்களின் பொதுப்பெயராகிவிட்டது. 1935இல் ஆரஞ்ச் பவுலும் சுகர் பவுலும் 1937இல் காட்டன் பவுலும் தோன்றின. இவை ஒவ்வொன்றும் தனித்தனி உள்ளூர்க் குழுவால் நடத்தப்பட்டவை. விருந்தினர் வருகையும் சுற்றுலா வருமானமும் அவற்றின் நோக்கம். நாட்டின் முதல் அணியையும் இரண்டாம் அணியையும் மோதவைக்கும் கடமை எந்தப் பவுலுக்கும் இருக்கவில்லை.

சாம்பியன் யார் என்னும் கேள்விக்கு விடையளிக்கப் பத்திரிகையாளர்கள் முன்வந்தனர். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 1936இல் விளையாட்டு எழுத்தாளர்களின் வாக்குகளைத் திரட்டித் தரவரிசை வெளியிடத் தொடங்கியது. அந்த முதல் ஆண்டில் மினசோட்டா முதலிடம் பெற்றது. 1950இல் யுனைடெட் பிரஸ், பயிற்சியாளர்களின் வாக்குகளைத் திரட்டி இன்னொரு தரவரிசையைத் தொடங்கியது. இரண்டும் நெடுங்காலம் பவுல் ஆட்டங்களுக்கு முன்பே இறுதி வாக்கெடுப்பை முடித்துக்கொண்டன. பவுலில் தோற்ற அணியும் சாம்பியனாகவே நீடித்தது. எழுத்தாளர் வாக்கெடுப்பு 1968 பருவத்திலிருந்தும், பயிற்சியாளர் வாக்கெடுப்பு 1974 பருவத்திலிருந்தும் பவுல்களுக்குப் பின்னரே இறுதியாக நடைபெற்றன. இரண்டு வாக்கெடுப்புகளும் வேறுவேறு அணிகளை முதலிடத்தில் வைத்த ஆண்டுகளில் நாட்டுக்கு இரண்டு சாம்பியன்கள் இருந்தனர். 1990இல் கொலராடோவும் ஜார்ஜியா டெக்கும், 1991இல் மயாமியும் வாஷிங்டனும், 1997இல் மிச்சிகனும் நெப்ராஸ்காவும் அவ்வாறு பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன.

சமநிலையில் முடிந்த ஆட்டங்கள் இந்தச் சிக்கலை மேலும் கூட்டின. 1966 நவம்பர் 19 அன்று ஈஸ்ட் லான்சிங் நகரில் தோல்வியே காணாத நோட்டர் டேமும் மிச்சிகன் ஸ்டேட்டும் மோதிய ஆட்டம் 10-10 என்று முடிந்தது. நோட்டர் டேம் அக்காலத்தில் பவுல்களில் ஆடுவதில்லை என்ற கொள்கையைக் கொண்டிருந்தது. மிச்சிகன் ஸ்டேட்டோ முந்தைய பருவத்தில் ரோஸ் பவுலுக்குச் சென்றிருந்ததால், அதன் கூட்டமைப்பு விதிப்படி அடுத்தடுத்து இருமுறை செல்ல இயலாதிருந்தது. இரண்டு வாக்கெடுப்புகளும் நோட்டர் டேமுக்கு முதலிடம் அளித்தன. அந்தப் பருவத்தின் எல்லா ஆட்டங்களையும் வென்ற அலபாமா மூன்றாம் இடத்தில் நின்றது.

1973: பத்துப் பேரின் வாக்கு

எழுதப்பட்ட சமன்முறிப்பு விதி இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு 1973ஆம் ஆண்டு போல் தெளிவான எடுத்துக்காட்டு வேறில்லை. கல்லூரிகள் தம் வட்டாரத்துக்கும் வசதிக்கும் ஏற்ப அமைத்துக்கொள்ளும் கூட்டமைப்பு கான்பரன்ஸ் எனப்படும். அவற்றுள் மூத்ததான பிக் டென் கான்பரன்ஸில் அன்று பத்து அணிகள் இருந்தன. அந்தக் கான்பரன்ஸின் ஒரே ஓர் அணிக்கு மட்டும் பருவத்துக்குப் பின் ஆட அனுமதி. அதுவும் ரோஸ் பவுலில் மட்டும். நவம்பர் 24 அன்று ஆன் ஆர்பர் நகரில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் முன்னிலையில், தோல்வி காணாத ஓஹையோ ஸ்டேட்டும் தோல்வி காணாத மிச்சிகனும் மோதின. முதற்பாதியில் 10-0 எனப் பின்தங்கிய மிச்சிகன் இறுதிக் கால்பகுதியில் சமன்செய்தது. ஆட்டம் 10-10 என முடிந்தது. தாக்குதலை முன்னின்று நடத்தும் குவார்ட்டர்பேக் என்னும் இடத்தில் ஆடிய மிச்சிகனின் டெனிஸ் ஃபிராங்க்ளின், ஆட்டத்தின் பிற்பகுதியில் காறையெலும்பு முறிந்து வெளியேறினார்.

கான்பரன்ஸ் கணக்கில் இரண்டு அணிகளும் ஏழு வெற்றி, ஒரு சமநிலை என்று சரிநிகராக நின்றன. நேருக்கு நேர் மோதிய முடிவும் சமநிலையே. அடுத்தடுத்து ஒரே அணி ரோஸ் பவுலுக்குச் செல்லக் கூடாது என்ற பழைய விதி அதற்குச் சற்று முன்னரே நீக்கப்பட்டிருந்தது. அது நீடித்திருந்தால் முந்தைய பருவத்தில் சென்ற ஓஹையோ ஸ்டேட் தானாகவே விலக்கப்பட்டிருக்கும். நீக்கப்பட்ட விதியின் இடத்தில் வேறெந்த அளவுகோலும் வைக்கப்படாததால், பத்துக் கல்லூரிகளின் விளையாட்டு இயக்குநர்கள் வாக்களித்து அணியைத் தேர்ந்தெடுத்தனர்; ஓஹையோ ஸ்டேட் 6-4 எனத் தேர்வுபெற்றது. குவார்ட்டர்பேக் இல்லாத மிச்சிகன் ரோஸ் பவுலில் கான்பரன்ஸின் மானத்தைக் காக்குமா என்ற ஐயம் அந்த வாக்குகளைத் திருப்பியதாகக் கருதப்பட்டது. ஓஹையோ ஸ்டேட் ரோஸ் பவுலில் 42-21 என வென்றது. ஓர் ஆட்டத்திலும் தோற்காத மிச்சிகன் வீட்டிலேயே இருந்தது. மிச்சிகன் பயிற்சியாளர் போ ஷெம்பெக்லர் வாழ்நாள் முழுதும் இந்த முடிவை ஏற்கவில்லை. 1975இல் பிக் டென், ஓரணி மட்டுமே பவுல் ஆடலாம் என்ற கட்டுப்பாட்டையே கைவிட்டது.

மிச்சிகனின் மனக்குறை தோற்ற அணியின் மனக்குறையன்று. எந்த அளவுகோலால் தாம் அளக்கப்படுவோம் என்பது ஆட்டம் முடியும்வரை அந்த வீரர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒருவரின் எலும்பு முறிவு அணியின் தகுதியைக் குறைக்கும் என்று எந்த விதியும் அவர்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஆட்டத்துக்குள்ளும் கான்பரன்ஸுக்குள்ளும்

சமநிலையை முறிக்கும் முயற்சி பின்னர் இரண்டு திசைகளில் சென்றது. ஒன்று, ஆட்டமே சமநிலையில் முடியாதவாறு செய்வது. மேல்மட்டப் பிரிவில் 1995 பருவத்தின் பவுல்களிலும் 1996 முதல் எல்லா ஆட்டங்களிலும் கூடுதல் நேர முறை வந்தது. இதில் கடிகாரம் ஓடுவதில்லை. ஒவ்வோர் அணியும் எதிரணியின் 25 கஜக் கோட்டிலிருந்து ஒருமுறை தாக்கும் வாய்ப்பைப் பெறும், இரண்டின் புள்ளிகளும் சமமானால் மறுசுற்று தொடங்கும். 1995 லாஸ் வேகஸ் பவுலில் டொலீடோ நெவாடாவை 40-37 என வென்றதே இம்முறையில் முடிந்த முதல் ஆட்டம். 2018இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் ஏழு கூடுதல் சுற்றுகளுக்குப் பின் எல்எஸ்யூவை 74-72 என வென்றபோது வீரர்களின் உடல்நலம் பற்றிய கவலை எழுந்தது. 2021 முதல் மூன்றாம் சுற்றிலிருந்து இரண்டு புள்ளிகளுக்கான ஒற்றை முயற்சிகள் மட்டுமே மாறிமாறி நடைபெறுகின்றன. அவ்வாண்டே இல்லினாயும் பென் ஸ்டேட்டும் ஒன்பது சுற்றுகள் ஆடி 20-18 என முடித்தன. இது முற்றிலும் எண்களாலும் வரிசையாலும் ஆன விதி என்பதால், கணினிக்கு மாற்றுவதற்கு மிக எளிதானதும் இதுவே.

மற்றொன்று, கான்பரன்ஸுக்குள் இடங்களை வரிசைப்படுத்தும் விதிகளைப் படிப்படியாக எழுதிவைப்பது. 1992இல் தென்கிழக்குக் கான்பரன்ஸ் பன்னிரண்டு அணிகளுடன் இரு பிரிவுகளாகி, பிரிவு முதல்வர்கள் மோதும் கான்பரன்ஸ் இறுதிப் போட்டியை பர்மிங்ஹாம் நகரில் நடத்தியது. அலபாமா புளோரிடாவை 28-21 என வென்றது. பிற கான்பரன்ஸ்களும் வழிதொடர, பிரிவுக்குள் சமநிலை ஏற்பட்டால் யார் இறுதிக்குச் செல்வது என்பது பெரும் பணமும் புகழும் சார்ந்த கேள்வியாயிற்று.

2008இல் பிக் 12 கான்பரன்ஸின் தென்பிரிவில் இதன் கூர்மை வெளிப்பட்டது. அக்டோபரில் டெக்சஸ் ஓக்லஹோமாவை 45-35 என வென்றது; நவம்பர் 1 அன்று டெக்சஸ் டெக், ஒரு விநாடியே எஞ்சியிருக்கையில் எடுத்த புள்ளிகளால் டெக்சஸை 39-33 என வென்றது; நவம்பர் 22 அன்று ஓக்லஹோமா டெக்சஸ் டெக்கை 65-21 என நொறுக்கியது. மூன்றும் கான்பரன்ஸில் ஏழு வெற்றி, ஒரு தோல்வி. நேருக்கு நேர் மோதிய முடிவு இங்கே வட்டமாகச் சுற்றி வந்து தன்னையே விழுங்கிக்கொள்வதால் பயன்படாது. கிரிக்கெட் தொடர்களில் இத்தகைய முடிச்சை நிகர ஓட்ட விகிதம் அவிழ்க்கும். பிக் 12 விதியோ முந்தைய படிகள் எல்லாம் தீர்வு தராத நிலையில் தேசியத் தரவரிசையில் மேலே உள்ள அணியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. மிகச் சிறிய வேறுபாட்டில் ஓக்லஹோமா முந்தியது. கான்பரன்ஸ் இறுதியில் மிசூரியை 62-21 என வென்று தேசிய இறுதிக்கும் சென்றது.

தென்கிழக்குக் கான்பரன்ஸில் அன்று இருந்த விதி சற்று வேறு. மூவர் சமநிலையில் தரவரிசையைக் கொண்டு மூன்றாமவரை மட்டும் விலக்கிவிட்டு, எஞ்சிய இருவரும் தரவரிசையில் நெருங்கி நின்றால் அவர்கள் மோதிய ஆட்டத்தின் முடிவுக்குத் திரும்பவேண்டும் என்றது அது. அந்த விதி பிக் 12இல் இருந்திருந்தால் டெக்சஸ் டெக் விலக்கப்பட்டு, 45-35 என வென்ற டெக்சஸ் சென்றிருக்கும். மூன்று அணிகளின் ஆட்டங்களும் மதிப்பெண்களும் மாறாதிருக்க, படிகளின் வரிசை மாறினால் சாம்பியனும் மாறுவான். கணினி நிரல் எழுதுவோர் நாள்தோறும் அறிந்த இந்த உண்மையை, விளையாட்டு உலகம் அவ்வாண்டு வலியுடன் கற்றது.

கணினி வாக்காளர்கள்

தேசிய அளவிலும் விதி எழுதும் முயற்சி நடந்தது. 1992இல் பவுல் கோஅலிஷன், 1995இல் பவுல் அலையன்ஸ் என்னும் ஏற்பாடுகள், முதலிரண்டு அணிகளை ஒரே பவுலில் சந்திக்கவைக்க முயன்றன. பிக் டென்னும் பசிபிக் கான்பரன்ஸும் தம் ரோஸ் பவுல் மரபை விட்டுக்கொடுக்காததால் அவை முழுமையடையவில்லை. 1998 பருவத்தில், தென்கிழக்குக் கான்பரன்ஸின் ஆணையர் ராய் கிரேமர் முன்னின்று உருவாக்கிய பவுல் சாம்பியன்ஷிப் சீரீஸ், சுருக்கமாக பிசிஎஸ், அவர்களையும் உள்ளே கொண்டுவந்தது. வாக்கெடுப்புகளின் சராசரி, கணினித் தரவரிசைகள், எதிரணிகளின் வலிமை, தோல்விகளின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் சேர்த்து ஒரே எண்ணாக்கி, அதில் முதலிரண்டு இடம்பெற்றோரை இறுதியில் மோதவைத்தது.

சூத்திரம் எழுதப்பட்டிருந்தபோதிலும் அதன் விளைவுகள் அடிக்கடி மக்களின் உள்ளுணர்வோடு மோதின. 2001இல் கொலராடோவிடம் 62-36 எனத் தோற்ற நெப்ராஸ்கா தேசிய இறுதிக்குச் சென்றது. 2003இல் இரண்டு வாக்கெடுப்புகளிலும் முதலிடம் பெற்ற சதர்ன் கலிபோர்னியா, கணக்கின் கூட்டுத்தொகையில் மூன்றாவதாக நின்று இறுதியை இழந்தது. கான்பரன்ஸ் இறுதியில் 35-7 எனத் தோற்ற ஓக்லஹோமா உள்ளே சென்று எல்எஸ்யூவிடம் வீழ்ந்தது. எழுத்தாளர்கள் தம் பட்டத்தைச் சதர்ன் கலிபோர்னியாவுக்கே அளித்தனர். ஒவ்வொரு சர்ச்சைக்குப் பின்னும் சூத்திரம் திருத்தப்பட்டது: வெற்றியின் புள்ளி வித்தியாசம் கணினிகளிலிருந்து நீக்கப்பட்டது; 2004 முதல் இரண்டு வாக்கெடுப்புகளும் கணினிச் சராசரியும் தலா மூன்றில் ஒரு பங்கு பெற்றன.

பிசிஎஸ் பயன்படுத்திய ஆறு கணினித் தரவரிசைகளில், வெஸ்லி காலி என்னும் வானியற்பியலாளரின் முறை மட்டுமே முழுவதுமாக வெளியிடப்பட்டிருந்தது. அதன் அடிப்படை வியப்பூட்டும் எளிமை கொண்டது. ஓர் அணியின் வெற்றிகளுடன் ஒன்றைக் கூட்டி, ஆடிய ஆட்டங்களுடன் இரண்டைக் கூட்டிய தொகையால் வகுக்கவேண்டும். ஒன்றும் ஆடாத அணிக்கு அரை, ஒன்றை ஆடி வென்ற அணிக்கு மூன்றில் இரண்டு, தோற்ற அணிக்கு மூன்றில் ஒன்று என்று கணக்கு தொடங்கும். பின்னர் எதிரணிகளின் மதிப்புகளைக் கொண்டு எல்லா அணிகளின் மதிப்பும் ஒருசேரத் திருத்தப்படும். 2010 இறுதியில் இந்தத் தரவரிசையைத் தாமே கணக்கிட்டுப் பார்த்த ஜெர்ரி பாம் என்ற ஆய்வாளர், கீழ்மட்டப் பிரிவின் ஓர் ஆட்டத்தின் முடிவு தரவுகளில் விடுபட்டதைக் கண்டார். அப்பலாச்சியன் ஸ்டேட்டும் வெஸ்டர்ன் இல்லினாயும் மோதிய அந்த ஆட்டத்தைச் சேர்த்தபோது, அதனுடன் நேரடித் தொடர்பேதும் இல்லாத போய்சி ஸ்டேட் பத்தாம் இடத்துக்கு ஏறியது, எல்எஸ்யூ பதினொன்றாம் இடத்துக்கு இறங்கியது. மற்ற ஐந்து முறைகளில் இத்தகைய பிழை நேர்ந்திருந்தால் வெளியார் எவரும் கண்டறிய வழி இருந்திருக்காது. வெளிப்படையான விதியிலும் பிழை நுழையும். ஆனால் வெளிப்படையான விதியில் மட்டுமே பிழை பிடிபடும்.

திரையில் எழுந்த கான்பரன்ஸ்கள்

இதே காலத்தில்தான் வீடியோ கேம்கள் வளர்ந்தன. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 1993இல், புகழ்பெற்ற பயிற்சியாளர் பில் வால்ஷின் பெயரில் தன் முதல் கல்லூரிக் கால்பந்து விளையாட்டை வெளியிட்டது. சில ஆண்டுகளில் மேல்மட்டப் பிரிவு முழுவதும் திரைக்குள் வந்தது; 1997இல் வெளியான என்சிஏஏ ஃபுட்பால் 98 முதல் 2013இல் வெளியான என்சிஏஏ ஃபுட்பால் 14 வரை, அதே பெயரிலான வரிசை ஆண்டுதோறும் தொடர்ந்தது. அவற்றில் ரசிகர்கள் மிக விரும்பியது டைனஸ்டி என்னும் பகுதி. ஆடுபவர் ஒரு கல்லூரியின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்று, பல பருவங்களுக்கு அணியை வளர்த்துச் செல்வார். அவர் ஆடும் ஓர் ஆட்டத்தைத் தவிர, அந்த வாரம் நாடெங்கும் நடக்கும் ஏனைய ஆட்டங்களின் முடிவுகளைக் கணினி தானே கணித்து, தரவரிசைகளைப் புதுப்பித்து, பருவ முடிவில் பவுல்களுக்கு அணிகளைப் பிரித்தனுப்பும்.

இங்கேதான் விதி எழுதுவோரின் பணி நிரல் எழுதுவோரின் தலையில் விழுந்தது. உண்மையான கான்பரன்ஸில் ஐந்து அணிகள் சமமாக நிற்பது அரிது. டைனஸ்டியிலோ எண்ணற்ற ஆட்டக்காரர்கள் எண்ணற்ற பருவங்களை ஓட்டுவதால், நடக்கக்கூடிய எல்லாமே எங்கோ ஓரிடத்தில் நடந்தே தீரும். எந்த முடிச்சு விழுந்தாலும் கணினி அடுத்த வாரத்துக்கு நகர்ந்தாகவேண்டும். ஆகவே வரிசைப்படுத்தும் கட்டளை ஒருபோதும் விடையின்றி நிற்கக் கூடாது. எழுத்தாளர்களும் பயிற்சியாளர்களும் இல்லாத உலகில் அவர்களின் வாக்கெடுப்பையும் கணினியே போலியாக நடத்தவேண்டும்: வெற்றி, தோல்வி, எதிரணியின் தரம், முந்தைய வார இடம் போன்ற எண்களிலிருந்து மனிதக் கருத்தைப் போன்ற ஒன்றை உருவாக்கவேண்டும். பிசிஎஸ் காலம் இதற்கு ஒருவகையில் உகந்ததாக இருந்தது. நிஜ உலகிலேயே தேர்வு ஒரு சூத்திரமாக இருந்ததால், திரையில் தோன்றிய தரவரிசை நிஜத்தின் நெருங்கிய நகலாக இருக்க முடிந்தது.

கான்பரன்ஸ்களின் எல்லைகள் மாறத் தொடங்கியபோது கேம்களும் இளகின. நெப்ராஸ்கா பிக் டென்னுக்கும், கொலராடோவும் யூட்டாவும் பசிபிக் கான்பரன்ஸுக்கும் இடம்பெயர்ந்த 2011இல் வெளியான என்சிஏஏ ஃபுட்பால் 12, கான்பரன்ஸ்களின் உறுப்பினர்களையும் பிரிவுகளையும் பவுல் தொடர்புகளையும் ஆடுபவரே மாற்றியமைக்க இடமளித்தது. இது கேளிக்கை வசதி மட்டுமன்று. ஒரு விதியை மாற்றி, அதே அணிகளைக் கொண்டு பருவத்தை மீண்டும் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு, விளையாட்டை நிர்வகிப்போருக்கு நிஜத்தில் கிட்டாதது. அது வீட்டுக் கூடத்தில் இருந்த சாதாரண ரசிகருக்குக் கிடைத்தது.

இதன்பின் நேர்ந்த இடைவெளி சட்டத்தால் ஆனது. ஊதியம் பெறாத மாணவ வீரர்களின் உருவச்சாயலை, பெயரை மட்டும் மறைத்து, கேம்கள் பயன்படுத்தியதை எதிர்த்து முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஓபானன் 2009இல் தொடுத்த வழக்கு உள்ளிட்டவற்றின் அழுத்தத்தில் வரிசை 2013உடன் நின்றது. நான்கு அணிகள் ஆடும் பிளேஆஃப் தொடர் 2014 முதல் பிசிஎஸ்ஸுக்கு மாற்றாக வரும் என்று 2012 ஜூனிலேயே முடிவாகியிருந்தது. ஆயினும் 2013 ஜூலையில் வெளியான கடைசிக் கேமில் இருந்தது பிசிஎஸ்ஸே. நிஜத்தில் 2014 ஜனவரி 6 அன்று புளோரிடா ஸ்டேட் ஆபர்னை 34-31 என வென்றதுடன் முடிந்துபோன அந்த முறை, திரையில் மட்டும் அடுத்த பத்தாண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தது. ரசிகர்கள் ஆண்டுதோறும் புதிய வீரர்களின் பட்டியலைத் தாமே உள்ளிட்டு ஆடினர். ஆனால் 2020இன் வீரர்களும் 1998இல் பிறந்த தேர்வு முறையின் கீழேயே மோதினர்.

எழுத முடியாத விதி

பிளேஆஃப் முறை, சூத்திரத்தைக் கைவிட்டு மனிதர்களுக்குத் திரும்பியது. பதின்மூன்று பேர் கொண்ட தேர்வுக் குழு, கான்பரன்ஸ் பட்டம், எதிரணிகளின் வலிமை, நேருக்கு நேர் முடிவு ஆகியவற்றைக் கருத்தில் கொள்ளும் என்று அறிவிக்கப்பட்டது. எதற்கு எவ்வளவு எடை என்பது மட்டும் எண்ணாக எழுதப்படவில்லை. முதல் ஆண்டிலேயே, ஓர் உண்மையான சாம்பியன் என்று விளம்பரம் செய்துவந்த பிக் 12, சமமாக நின்ற பெய்லரையும் டிசியூவையும் இணைச் சாம்பியன்களாக அறிவித்தது. பெய்லர் டிசியூவை 61-58 என வென்றிருந்தும் இவ்வாறு சமன்முறிப்பைத் தவிர்த்ததன் முடிவில், இரண்டு அணிகளுமே நான்கில் இடம்பெறவில்லை. உள்ளே சென்ற ஓஹையோ ஸ்டேட் பட்டம் வென்றது. 2023இல் பதின்மூன்று ஆட்டங்களையும் வென்று கான்பரன்ஸ் பட்டமும் பெற்ற புளோரிடா ஸ்டேட், குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் காயமுற்றதைக் காரணமாகக் கொண்டு விலக்கப்பட்டது. 1973இன் மிச்சிகனுக்கு நேர்ந்தது, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அதே எலும்பு முறிவின் தர்க்கத்துடன் மீண்டும் நேர்ந்தது.

2021இல் மாணவ வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு வருவாய் ஈட்டும் உரிமை பெற்ற பிறகு, 2024 ஜூலை 19 அன்று காலேஜ் ஃபுட்பால் 25 வெளியானது. அதில் 134 அணிகளும், அவ்வாண்டே தொடங்கவிருந்த பன்னிரண்டு அணி பிளேஆஃபும் இருந்தன. தரவரிசையில் உயர்ந்த ஐந்து கான்பரன்ஸ் சாம்பியன்களுக்கு உறுதியான இடம், ஏழு பொது இடங்கள், சாம்பியன்களில் முதல் நால்வருக்கு முதல் சுற்று விலக்கு என்பது அந்த ஆண்டின் விதி. இவற்றில் ஐந்து, ஏழு, நான்கு என்ற எண்களை நிரல் எளிதில் ஏற்கும். யார் தரவரிசையில் உயர்ந்தவர் என்பதைச் சொல்லும் பதின்மூவரின் மனத்தை மட்டும் அது ஊகிக்கத்தான் முடியும். 2025 மே 22 அன்று, சாம்பியன்களுக்கான அந்த விலக்குச் சலுகை நீக்கப்பட்டு, தரவரிசைப்படியே இடம் என்று விதி மாறியது. அடுத்த கேம் வெளியாக அப்போது ஏழு வாரங்களே இருந்தன.

நிஜப் பருவங்களும் கேம்களை ஒத்த முடிச்சுகளைப் போட்டன. 2024இல் பிக் 12இல் அரிசோனா ஸ்டேட், அயோவா ஸ்டேட், பிரிகாம் யங், கொலராடோ ஆகிய நான்கும் 7-2 எனச் சமமாக நின்றன. எழுதப்பட்ட படிகள் முதலிரண்டை இறுதிக்கு அனுப்பின. 45-19 என வென்ற அரிசோனா ஸ்டேட், குழுவின் தரவரிசையில் பன்னிரண்டாம் இடத்தில் இருந்தும், சாம்பியன் என்பதால் நான்காம் இடத்தையும் முதல் சுற்று விலக்கையும் பெற்று, காலிறுதியில் டெக்சஸிடம் இரண்டு கூடுதல் சுற்றுகளுக்குப் பின்னரே தோற்றது. 2025இல் அட்லாண்டிக் கடற்கரைக் கான்பரன்ஸில் இரண்டாம் இடத்துக்கு ஐந்து அணிகள் சமமாக நிற்க, பருவத்தில் ஐந்து தோல்விகள் கண்ட டியூக், எதிரணிகளின் வெற்றி விகிதம் என்ற படியில் முந்தி இறுதிக்குச் சென்று பட்டமும் வென்றது. இரண்டே தோல்விகள் கொண்ட மயாமி அந்த இறுதிக்குச் செல்லவில்லை. குழுவின் தேர்வால் பொது இடம் பெற்ற மயாமி, தேசிய இறுதிப் போட்டி வரை முன்னேறியது.

டியூக் சென்றது வினோதமாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் படி பருவத்துக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது, ஐந்து அணிகளும் அதன்கீழ் ஆட ஒப்புக்கொண்டிருந்தன, எந்த ரசிகரும் காகிதமும் பேனாவும் கொண்டு அதைச் சரிபார்த்திருக்கலாம். 1973இன் மிச்சிகனும் 2023இன் புளோரிடா ஸ்டேட்டும் அந்த உரிமையைப் பெறவில்லை. சமன்முறிப்பு விதியின் நீதி, அது எந்த அணியைத் தேர்ந்தெடுக்கிறது என்பதில் இருப்பதாகக் கருதுவோர் ஒவ்வோர் ஆண்டும் புதிய விதி கேட்டுக்கொண்டே இருப்பர். அதன் நீதி, முதல் பந்து உதைக்கப்படும் முன்பே அது எல்லோருக்கும் தெரிந்திருப்பதில் உள்ளது. விளையாட்டை நிர்வகிப்போர் தம் தேர்வு விதியை, அறிமுகமற்ற ஒரு நிரலாளரிடம் கொடுத்து, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் அவர் அதை எழுதிவிட முடியுமா என்று ஒருமுறை சோதித்துப் பார்க்கவேண்டும். முடியாவிட்டால், அவர்களிடம் இருப்பது இன்னும் விதியாகவில்லை.